பத்துக் கடலைக்கு ஒரு பஞ்சாயத்து

மாதத்துக்கு ஒரு ஆளுக்குத்தான் லீவு, நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். பேசினால் முடிகிற விஷயமா அது? ஸ்டோரில் வேலை பார்க்கும் அண்ணாச்சிக்கு ஊரில் புதுவீடு பால்காய்ச்சு. என் கிரேனுக்குச் சிக்னல் காட்டும் தம்பிக்கு மகளின் காதுகுத்து. அவன் அரபு நாட்டுக்கு, இந்தப் புஜைராவுக்கு வந்த பிறகு பிறந்த பிள்ளை. போனில் தவிர அவன் அதைப் பார்த்ததே இல்லை.

கடைசியில் போக்கர் என்று முடிவாயிற்று. முன்பு எங்கள் ரூமில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் கற்றுக்கொடுத்த ஆட்டம். காசு கிடையாது. ஆளுக்கு நூறு கொண்டைக்கடலை; யாருடையது தீர்கிறதோ அவர் மறுமாதம் போக வேண்டும். சீட்டுப் போடுவது நான். என் கோபத்துக்குப் பயந்தாவது ஒழுங்காக ஆடுவார்கள் என்று நினைத்தேன்.

பாதி ஆட்டத்தில் வந்தது வினை. தம்பி "எல்லாம்" என்றான். வைத்திருக்கும் கடலை முழுவதையும் பந்தயம் கட்டுகிறேன் என்று அர்த்தம். கை தள்ளியதோ பத்தே கடலை.

"எல்லாம்னு சொல்லியாச்சுல்லா? நானும் எல்லாம்," என்று அண்ணாச்சி தன் குவியலை அப்படியே நடுவில் தள்ளிவிட்டார்.

"இல்லண்ணாச்சி, பத்துதான் வச்சேன்," என்றான் தம்பி. முகம் வெளுத்துவிட்டது.

யோசிக்கும்போது முணுமுணுப்பது அவன் பழக்கம். கேபினில் இருக்கும் எனக்கு அது கேட்காது. அவன் கையை மட்டும்தான் பார்ப்பேன். விரல்களைப் பொத்தினால் நிறுத்துவேன். இரண்டு வருஷமாக அந்தக் கையை நம்பித்தான் டன் கணக்கில் இரும்பை இறக்குகிறேன். ஆனால் அண்ணாச்சிக்கு அதெல்லாம் எதற்கு?

"உம்ம ஆளுன்னு அவன் பக்கம் சாயாதீரும். இது சைட் இல்ல," என்றார் என்னிடம்.

சுருக்கென்றது. உண்மையில் சாயத்தான் நினைத்திருந்தேன். வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். சீட்டை விசிறியடிக்கக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"அண்ணாச்சி, ஒருத்தன் ஸ்டோருக்கு வந்து நூறு போல்ட்டுங்குறான். கொண்டுவந்த சீட்டுல பத்துன்னு எழுதியிருக்கு. எத்தன கொடுப்பீங்க?"

"எதுக்குக் கொடுக்கேன்? அவன்கிட்டத் திருப்பிக் கேப்பேன்." சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நான் திருப்பிக் கேக்கல. தப்பு என்னுது," என்றேன்.

அண்ணாச்சி முனகிக்கொண்டே தன் கடலையை இழுத்துக்கொண்டார். அந்த ஆட்டத்தைக் கலைத்து மறுபடி போட்டேன். அதிலிருந்து யார் என்ன சொன்னாலும் நான் ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்வேன். சொன்னவர் தலையாட்டிய பிறகுதான் அடுத்தவர் வாய் திறக்கலாம்.

கடைசியில் தம்பி மறுபடி "எல்லாம்" என்றான்.

"எல்லாமா?"

"எல்லாம்ணே." இரண்டு கையாலும் தள்ளினான். அண்ணாச்சியும் தள்ளினார். திருப்பினால் தம்பியிடம் மூன்று ராஜா. அண்ணாச்சியின் கடலை தீர்ந்தது.

அண்ணாச்சி பெருமூச்சு விட்டு, வீட்டுக்குப் போன் போட்டு நாளைத் தள்ளிவைக்கச் சொன்னார். அந்தக் கடலையைச் சுண்டல் செய்தபோது தோற்றவருக்கு ரெண்டு பங்கு என்று தகராறு பண்ணி வாங்கிக்கொண்டார். மறுமாதம் போய்ப் பாலும் காய்ச்சிவிட்டு வந்தார்.

காதுகுத்தை எனக்கு வீடியோ காலில் காட்டினார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளை வீறிட்டது. பக்கத்தில் நின்ற தம்பி சட்டென்று கையை உயர்த்தி விரல்களைப் பொத்தினான். ஆசாரிக்கு அது எங்கே தெரியும்? அவர் பாட்டுக்குக் குத்திவிட்டார். புஜைராவில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த நான்தான் அப்படியே நிறுத்திவிட்டேன்.