மூன்றாவது இரண்டு

துறைமுகத்துப் பக்க மைதானத்தில் ஓட்டக் கணக்குக் காட்டுகிற பலகையில் எண் தொங்கவிடுகிறதுதான் என்ரை வேலை. எல்லாரும் பலகையைப் பார்ப்பார்கள், பின்னால் நிற்கிற என்னைப் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் வெட்கக்காரி நான் இதுக்கு ஓம் சொன்னனான். கைக்குழந்தையோடு வேலைக்குப் போகிற பிள்ளையளே, மிச்சக் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

ஏணையும் தகரமும்

அன்றைக்குக் கொழும்பிலிருந்து, சம்பளத்துக்கு விளையாடுகிற பேஸ்போல் அணி ஒன்று வந்திருந்தது. எங்கடை பக்கம் பந்து எறிகிறவன் கிண்ணியா றமீஸ். நல்லாய் எறிந்தால் அவனையும் சம்பளத்துக்கு எடுப்பதாய் அவையின்ரை பயிற்சியாளர் சொல்லியிருந்தார். வலை இழுக்கிற பெடியனுக்கு அது சின்னக் காரியமா?

பலகையின் இரண்டு காலுக்கும் நடுவில் மகளுக்குச் சேலையால் ஏணை கட்டியிருந்தேன். எண் எழுதின தகரத்தை ஆணியில் மாட்டினால் டங் என்று கேட்கும், அவள் சிணுங்குவாள். கொழும்பார் தொடக்கத்திலேயே றமீஸின் பந்தைக் கடல் பக்கம் பறக்கவிட்டார்கள். ஒவ்வொருத்தராய் நாலு மூலையும் சுற்றி ஓடிவர, டங், டங். தேத்தண்ணி விற்கிற காசிம் நானா எட்டிப் பார்த்தார்.

"உலகச் சண்டைக் காலத்திலை கப்பல்காரர் விளையாடின மெச்சிலையும் இவ்வளவு ஓட்டம் போயிராது! பிள்ளை நித்திரை கொள்ளவேணுமெண்டால் முதல்லை றமீஸை நிப்பாட்டுங்கோ, தங்கச்சி!"

தண்ணிக் குடத்தடியில்

தண்ணிக் குடம் பலகைக்குக் கீழேதான். இடைவேளையில் எங்கடை அணித் தலைவர் அங்கே வந்து றமீஸிடம் கை நீட்டினார். "காணும், பந்தைத் தா. வேறை ஆள் எறியட்டும். பயிற்சியாளர் பாத்துக்கொண்டு நிக்கிறார், உனக்குத்தான் வெட்கம்."

றமீஸ் தண்ணியைக் குடித்து முடித்தான். பலகையை அண்ணாந்து பார்த்தான். ஒளிக்க ஏலுமென்றால் அந்த எண்களை ஏணைக்குள் போட்டு மூடியிருப்பேன். அவன் முகத்தில் ஒரு கோணலும் இல்லை. பந்தைச் சட்டையில் துடைத்தான்.

"என்ரை பந்துக்கு அடிச்ச ஓட்டம், அண்ணை. நானே எறிஞ்சு முடிக்கிறன்."

பொட்டு மை

பிறகு அவன் எறிந்த எறியை அவர்களால் தொட ஏலவில்லை. கொழும்பார் இருபத்திரண்டில் நின்றுபோனார்கள். எங்கடை பெடியள் அடித்து அடித்துப் பத்தொன்பதுக்கு வந்து, இருபதாவது ஓட்டமும் ஓடிவிட்டார்கள். அப்பதான் எனக்குப் பிடிபட்டது. பலகையில் ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு தகரம்தான். இரண்டு 'இரண்டு'ம் கொழும்பார் பக்கம் தொங்குது!

"பலகைக்கே இவையளிலை நம்பிக்கை இல்லை!" என்று கொழும்பார் பக்கத்தில் ஒருத்தர் கத்த, சனம் சிரித்தது. காசிம் நானா பிஸ்கட் பேணி மூடியைக் கழற்றித் தந்தார். மகளின் பொட்டு மையால் அதில் பெரிய இரண்டு கீறினேன். ஓட்டை இல்லாத மூடி ஆணியில் நிற்குமா? இடுப்பில் பிள்ளை, பலகையோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்த கையில் மூடி, முழு மைதானத்துக்கும் முன்னால் நான். இருபத்தொன்றாவது ஓட்டமும் வர, பக்கத்து ஆணியில் சைபரைக் கழற்றி ஒன்றை மாட்டினது காசிம் நானாதான்.

"கையை இறக்காதையுங்கோ தங்கச்சி, இறக்கினால் இருபது ஓட்டம் போயிடும்!"

அரைத் தமிழ்

ஒரு ஓட்டத்தில் தோற்றோம். சமப்படுத்த ஓடிவந்த றமீஸ் கடைசி மூலையைத் தொட முதலே பந்து வந்துவிட்டது. பலகைக்குக் கீழே வந்து, முழங்காலில் மண்ணோடு இருந்தான். பயிற்சியாளர் நேரே அவனிடம் வந்தார். நான் மூடியை இறக்க மறந்து நின்றேன். பலகையில் கொழும்பாரின் எண்ணைக் காட்டி, தெரிந்த தமிழில் சொன்னார்.

"இருபத்திரண்டு குடுத்தது. ஆனா ஓடிப் போகேல்லை. அந்த ஆள்தான் எனக்கு வேணும்."

தோற்ற எண்ணைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின்ரை மை முழங்கை வரை வழிய, வென்ற ஆள் மாதிரிச் சிரித்துக்கொண்டு நிற்கிறது எங்கடை தொழிலில் மட்டுந்தான் நடக்கும்.