ரெடி என்று அம்மாதான் சொல்ல வேண்டும்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிற நாளில் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வருகிறது. இதை வாங்கியிருக்கும் உங்களில் பாதிப்பேர் அம்மா கையால் சாப்பிட்டவர்கள். மீதிப்பேர் அம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள். பிள்ளைகளான எனக்கும் என் தம்பிக்கும் இரண்டும் குறைவில்லாமல் கிடைத்தன. அதனால் அம்மாவைத் தெய்வம் என்றும் தியாகச் சுடர் என்றும் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

அம்மா பிறந்தது பொட்டிப்புரத்தில், மழையை நம்பி விதைக்கிற ஒரு மானாவாரிக் குடும்பத்தில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். "மழ இல்லயேன்னு அழுகுற ஊர்ல பொறந்து, மழ வந்துருச்சேன்னு அழுகுற ஊருக்கு வந்து சேந்தேன்" என்று சொல்லிச் சிரிப்பார். பழம் பழுக்கும் நேரத்தில் மழை விழுந்தால் திராட்சை வெடித்துவிடும் என்பது நம் பகுதிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள். 'ரெடி' என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி நடத்தினால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நம் ஊரில் அது பார்க்கிற வேலையை நடத்தப் புகுந்தால் ஒரு பருவம் போதாது. கெட்டுப்போன மிக்சியை நாம் ரெடி பண்ணுகிறோம். காலேஜில் கட்டப் பணம் ரெடி பண்ணுகிறோம், வருமானச் சான்றிதழ் ரெடி பண்ணுகிறோம், முடிந்தால் மாப்பிள்ளையையும் ரெடி பண்ணிவிடுகிறோம். கம்பம் பஸ் ஸ்டாண்டில் டிரைவர் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போதே "வண்டி ரெடி, ஏறுங்க ஏறுங்க" என்று கூப்பிடுகிறார்கள். டெய்லரைக் கேட்டால் ஜாக்கெட் ரெடிதான், கொக்கி மட்டும் வைக்க வேண்டும் என்பார். துணியை வெட்டியே இருக்க மாட்டார். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் 'நாளைக்கு ரெடி' என்பது வணக்கம் சொல்வது போல ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

அம்மா மட்டும் இந்தச் சொல்லை அப்படிச் செலவழிக்க மாட்டார். சமையல் முடிந்தால் "சோறு ஆச்சு" என்பார். வெளியே கிளம்பினால் "கெளம்பிட்டேன்" என்பார். ரெடி என்ற வார்த்தை அவருக்குத் தோட்டத்து வார்த்தை. கொடியை வெட்டிக் கவாத்து பண்ணி, பூவெடுத்து, காய் கறுத்து வந்ததும் வியாபாரி போனில் கேட்பது அந்த ஒரு கேள்வியைத்தான்: "தோட்டம் ரெடியா?" ரெடி என்று தோட்டக்காரர் சொல்லிவிட்டால் மறுநாள் விடியும்போது வெட்டு ஆட்களும் பெட்டிகளும் லாரியும் வாசலில் வந்து நிற்கும். சொன்ன பிறகு பின்வாங்க முடியாது. பழம் புளித்தால் சொன்னவர்தான் பொறுப்பு. அதனால் தோட்டத்துக்கு உரியவரைத் தவிர வேறு யாரும் அந்த வார்த்தையைச் சொல்வது வழக்கமில்லை.

நான் பிளஸ் டூ படித்தபோது அப்பா மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். பந்தலில் காய் நிறம் மாறிக்கொண்டிருந்த நேரம். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் பேசினார்கள். "இந்த வெட்டு முடியட்டும், பாப்போம்" என்று மட்டும் அம்மா சொன்னார். பொழுது விடிந்ததும் பந்தலுக்குள் குனிந்து போய், கொத்தின் அடி நுனியில் இருக்கும் பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்ப்பார். கொத்தில் கடைசியாகத்தான் நுனி இனிக்கும். நுனி இனித்தால்தான் கொத்து இனித்தது என்று அர்த்தம்.

ஒருநாள் காலையில் நாங்கள் தோட்டத்துக்குப் போனபோது வெட்டு ஆட்கள் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"யாரு ரெடின்னு சொன்னது?" என்று கேட்டார்.

"சின்னவுக சொன்னாகளாம்க்கா" என்றார் மேஸ்திரி. அவர் சொன்னது எங்கள் சித்தப்பாவை, அப்பாவின் தம்பியை. வியாபாரி அம்மாவுக்குப் போன் போடாமல் அவருக்குப் போட்டிருக்கிறார்.

அம்மா ஒரு கொத்தின் நுனிப்பழத்தைப் பிய்த்து மேஸ்திரி கையில் கொடுத்தார். "வாயில போட்டுப் பாத்துட்டு நீயே சொல்லுப்பா."

"கொஞ்சம் புளிப்பு கெடக்கத்தான் செய்யுதுக்கா" என்று அவர் ஒத்துக்கொண்டார்.

அதற்குள் சித்தப்பா வண்டியில் வந்து இறங்கினார். "மதினி, மேக்க பாருங்க. மேகம் எப்பிடிக் கூடிக்கிட்டு நிக்குதுன்னு. மழ விழுந்தா பழம் பூராம் வெடிச்சுப்போகும். அப்பறம் யாரு பதில் சொல்றது?"

"நான்தான் தம்பி சொல்லணும். எந் தோட்டத்துக்கு நீங்க ரெடின்னு சொன்னா, பழம் புளிச்சதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும். சொல்லுவீகளா?"

சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மா எல்லாருக்கும் டீ வாங்கிவரச் சொல்லிக் கொடுத்து, ஆட்களைத் திருப்பி அனுப்பினார். ஊரே பேசியது. புருஷன் போன துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்றுகூடச் சொன்னார்கள்.

மழை வந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. மேற்குப் பக்கம் நான்கு வரிசைப் பழம் வெடித்து, ஈ மொய்த்துப் போயிற்று. மிச்சத்தை அம்மா சொன்ன நாளில் வெட்டினோம். அன்றைக்கு ஏற்றியதைப் போல் தித்தித்த பழத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை. ஆனாலும் நஷ்டம் நஷ்டம்தான். "நான் அப்பவே சொன்னேன்" என்று சித்தப்பா இன்றுவரை சொல்கிறார், இதைப் படித்துவிட்டும் சொல்வார். அடுத்த வெட்டிலிருந்து வியாபாரி நேராக அம்மாவுக்கே போன் போட்டார். பழம் பிடித்துப்போய்ச் செய்தாரா, இந்த அம்மாவிடம் வம்பு வேண்டாம் என்று செய்தாரா, தெரியாது. குத்தகைப் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அந்தத் தோட்டத்தை வைத்துத்தான் எங்கள் இரண்டு பேரையும் படிக்கவைத்தார். நான் பி.எட். கடைசி வருடம் படிக்கும்போது என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் பஜ்ஜியும் கேசரியும் ஓடிக்கொண்டிருந்தன. "பொண்ணு ரெடியா? வரச் சொல்லுங்க" என்று அத்தை குரல் கொடுத்தார். அம்மா அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"நீ ரெடியா ஆத்தா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. வெளிய நான் பாத்துக்கிறேன்."

"பரீட்ச முடியட்டும்மா" என்றேன். சேலை கட்டி, பூ வைத்து, பவுடரும் போட்ட பிறகு சொன்னேன்.

அம்மா வெளியே போய், "அவ இன்னும் ரெடியாகல. காப்பியக் குடிங்க, ஆறிறப்போகுது" என்றார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். அத்தை பல மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. எனக்கு வேலை கிடைத்து, அதன் பிறகு வந்த சம்பந்தத்துக்கு நானே தலையாட்டினேன். அந்த அத்தைதான் முன்னால் நின்று எல்லா முறையும் செய்தார்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போனோம். கணையத்தில் கட்டி என்றார்கள். நானும் தம்பியும் அறுவைச் சிகிச்சை செய்துவிடுவது என்று எங்களுக்குள் முடிவெடுத்தோம். லீவு போட்டாயிற்று, ரத்தம் கொடுக்க ஆள் சொல்லியாயிற்று. டாக்டர் வார்டுக்கு வந்து தம்பியிடம் கேட்டார்:

"ஆபரேஷனுக்கு ரெடியா? அப்படின்னா வியாழக்கிழமை வச்சுக்கலாம்."

"ரெடி சார்" என்றான் தம்பி.

"டாக்டரய்யா, வயிறு என்னோடது" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "அவனப் போயிக் கேக்குறீக."

அந்த டாக்டருக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். ஸ்டூலை இழுத்துப் போட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெட்டி எடுத்தா எந்திரிச்சு நடமாடிருவேனா?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ரொம்ப நாள் ஐசியூவுல இருக்க வேண்டி வரலாம்."

"வெட்டலைன்னா?"

"வலி தெரியாமப் பாத்துக்கலாம். ஆனா காலம் கொஞ்சம்தான்."

அம்மா யோசித்தார். அவசரப்படவில்லை. "அப்ப நான் இதுக்கு ரெடி இல்ல. வீட்டுக்குப் போறேன்" என்றார்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று கத்தினேன். உனக்கு எங்கள் மேல் பாசமே இல்லை என்றேன். வீடு வந்து படுக்கவைத்த பிறகு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னயப் போட்டு அங்கன இங்கன இழுக்காதீக. பேச முடியாமப் போனா நான் வேணாம்னு சொல்ல முடியாது. நீதான் சொல்லணும். அவன் அழுதுருவான்" என்றார். சரி என்றேன். மனதுக்குள் சரி சொல்லவில்லை.

அதன் பிறகு ஏழெட்டு மாதம் இருந்தார். பந்தலுக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கவாத்து வெட்டுகிறவர்களைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். பேரன் பேத்திகளைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டார். வலி வந்த நாட்களும் உண்டு. அவற்றை எழுத வேண்டாம்.

அந்தக் கடைசி நாள் காலையில் மூச்சு இழுத்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை. தம்பி பதறி ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டான். வண்டி வந்தது. ஓட்டி வந்தவர் ஸ்ட்ரெச்சரை வாசலில் விரித்து வைத்துவிட்டு, "ரெடியாக்கா? தூக்கலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தூக்குங்கள் என்று சொல்லத்தான் வாய் வந்தது. மதுரையில் கத்தியவள் நான். தூக்கிக்கொண்டு போனால் இன்னும் இரண்டு நாள், நான்கு நாள் அம்மா இருப்பார் என்று மனம் கணக்குப் போட்டது.

"இல்லப்பா. வேணாம்" என்றேன்.

"என்னக்கா சொல்ற? கண்ணு முன்னால வச்சுக்கிட்டுச் சாகக் குடுக்கச் சொல்றியா?" என்று என் தம்பி கத்தினான்.

"நான் சொல்லலடா. அம்மா சொல்லச் சொன்னாக."

அன்று பிற்பகலில் அம்மா காலமானார். தலை என் மடியில் இருந்தது, கை தம்பியின் கையில் இருந்தது. காரியம் முடியும்வரை தம்பி என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் செய்தது சரிதானா என்று இந்த ஒரு வருடத்தில் கேட்டுக்கொள்ளாத நாளில்லை. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "போட்டுரு, அக்கா" என்றான்.

அம்மாவின் பேச்சுக்குக் காது கொடுத்த மதுரை டாக்டருக்கும், வீடு தேடி வந்து ஊசி போட்ட நர்சம்மாவுக்கும், பெற்ற மகளைவிடப் பக்குவமாகப் பார்த்துக்கொண்ட என் தம்பி மனைவிக்கும், வெட்டு வேலையை விட்டுவிட்டு வந்து மாற்றி மாற்றி உடன் இருந்த பெண்களுக்கும், இறுதி ஊர்வலத் தேரையும் துக்க வீட்டுப் பந்தலையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு நின்ற சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். வேண்டாம் என்று நான் சொன்னதும் அந்த ஆம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரெச்சரை மடக்கி வண்டியில் வைத்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். திரும்பி வந்து, "ஒரு நிமிசம்க்கா, தலையணைய மட்டும் சரி பண்ணிட்டுப் போறேன்" என்றார். அம்மாவின் தோளுக்கடியில் கை கொடுத்து, நோகாமல் நிமிர்த்தி, தலைமாட்டை உயர்த்தி வைத்தார். இழுத்துக்கொண்டிருந்த மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீரானது. பிறகு காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டுவைக்கவில்லை. இந்த மலர் யார் மூலமாவது அவர் கைக்குப் போய்ச் சேருமானால், அதற்குப் பிறகு எங்கள் அம்மா சிரமப்படவே இல்லை என்பதை அவருக்குச் சொல்லிக்கொள்கிறோம்.