பதினொரு கட்டங்களில் ஒரு சில்வண்டு

1. வெள்ளை மை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவள் நான். எனக்குக் கிடைத்த முதல் வேலை எழுத்துகளை அழிப்பது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஜப்பானியச் சித்திரக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிடும் ஒரு சிறிய கம்பெனி, மத்திய லண்டனில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இயங்கியது. முதல் நாள் மேலாளர் மார்ட்டின் என்னிடம் மெல்லிய தூரிகை ஒன்றும் ஒரு போத்தல் வெள்ளை மையும் தந்தார். பக்கத்தில் ஜப்பானிய எழுத்து ஒன்றும் மிஞ்சக்கூடாது, படத்தில் ஒரு கோடும் குறையக்கூடாது என்றார். இதற்கு ரீடச்சிங் என்று பெயர். எழுத்தை அழித்த இடத்தில் நானே ஆங்கிலத்தில் கையால் எழுத வேண்டும். அது லெட்டரிங்.

அதற்கு முன் ஒரு வேலை கமராவில் நடந்துவிடும். ஜப்பானியப் புத்தகத்தை வலமிருந்து இடமாக வாசிப்பார்கள். இங்கத்தைய வாசகர்களுக்காகப் பக்கம் முழுவதையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் படமெடுப்போம். ஃபிளிப் என்போம். வலக்கையால் சாப்பிடுகிறவன் இடக்கையால் சாப்பிடுவான். அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை.

எனக்குத் தரப்பட்ட தொடர் பூச்சிகளைப் பற்றிய ஒரு நகைச்சுவைக் கதை. ஊர்ப் பொதுக் குளிப்பறை ஒன்றை ஒரு கிழட்டு வண்டு நடத்துகிறது. வெட்டுக்கிளி, கரப்பான், தும்பி எல்லாம் குளிக்க வருகின்றன. ஒரு சில்வண்டு தினமும் முதல் ஆளாக வந்து தொட்டிக்குள் இருந்து பாடும். மற்றவை காதைப் பொத்திக்கொண்டு வாளியால் எறியும். எல்லோரும், தொட்டிக்குள்ளும்கூட, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று மடித்துக் கட்டும் நீள அங்கி போட்டிருப்பார்கள். அந்தத் தொடர் ஜப்பானிலேயே அதிக காலம் ஓடவில்லை. மூன்று புத்தகங்களோடு நிறுத்திவிட்டார்கள்.

2. கடிதம்

இரண்டாவது இதழ் வெளிவந்ததும் ஓவியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த அம்மையார் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்விதான்: என் பூச்சிகளுக்கெல்லாம் ஏன் பிணத்துக்கு உடுத்துவதுபோல உடுத்தியிருக்கிறீர்கள்?

அவர்கள் நாட்டில் உயிரோடு இருப்பவர் அங்கியின் இடப்பக்கத்தை மேலே வரும்படி மடிப்பார். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணம். நாங்கள் பக்கத்தைத் திருப்பியபோது மடிப்பும் திரும்பிவிட்டது. இதைத் திருத்தாவிட்டால் மிச்ச இதழ்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தார்.

மார்ட்டினுக்குச் சிரிப்பு வந்தது. குளியல் அங்கி போட்ட கரப்பானின் கழுத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டார். இறந்தவருக்குப் படைக்கும்போது வாழையிலையின் நுனியை மாற்றிப் போடுகிற வீட்டில் பிறந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு மடிப்பையும் நானே கையால் மாற்றி வரைகிறேன், ஒரு பிழையும் வராது என்று சொன்னேன். அப்படியானால் கடைசி இதழ் முடிந்ததும் நிரந்தர வேலை, அதன் முதல் பக்கத்தில் என் பெயரும் வரும் என்றார். அதுவரை என் பெயர் எங்கும் அச்சில் வந்ததில்லை.

நூற்றுக்கணக்கான படக் கட்டங்கள். சவரக்கத்தி போன்ற ஸ்கால்பல் கத்தியால் பழைய கோட்டைச் சுரண்டி, புதுக் கோடு போட்டேன். கடைசி இதழின் கடைசிக் கதையில் ஒரு விசித்திரம் கண்டேன். சில்வண்டு வரும் பதினொரு கட்டங்களிலும் மடிப்பு ஏற்கெனவே சரியாக இருந்தது, இடப்பக்கம் மேலே. தொடர் நிற்கப்போகிற அவசரத்தில் ஓவியரே மாற்றி வரைந்திருக்கிறார், அந்தப் பிழை நாங்கள் திருப்பியதில் நேராகிவிட்டது என்று நினைத்தேன். பதினொரு கட்ட வேலை குறைந்தது என்று சந்தோஷப்பட்டேன். முடித்த பக்கங்களைப் படமெடுத்த ஃபிலிம் குரோய்டனில் உள்ள அச்சகத்துக்குப் போய்விட்டது.

3. நோர்பரியில் ஒரு பின்னேரம்

அப்பா ஊரில் துணி வெளுத்தவர். அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆளில்லை. போயிருந்தாலும் உள்ளே இருக்க விட ஆளில்லை. இங்கே வந்தும் ஒரு ஆஸ்பத்திரி லோண்டரியில் சட்டைகளுக்கு அயன் பிடித்தார். கையெழுத்துக் கேட்கும் இடத்தில் பெருவிரலை நீட்டுவார். இங்கே தங்க அனுமதி கேட்டுக் குரோய்டனில் ஹோம் ஒஃபிஸ் வரிசையில் நின்ற நாட்களில் வீட்டில் மூன்று பேருக்குமான படிவங்களையும் நான்தான் நிரப்பினேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் அப்படித்தான்.

ஃபிலிம் போன அடுத்த நாள், ஷிப்ட் முடிந்து நோர்பரி வீட்டுக்கு வந்த அப்பா மேசையில் கிடந்த ஜப்பானிய மூலப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கமிருந்து திறப்பது என்று நான் முன்பே காட்டியிருந்தேன்.

"பிள்ளை, இவன் ஏன் மாறிக் கட்டியிருக்கிறான்?" சில்வண்டின் மேல் விரலை வைத்துக் கேட்டார்.

நான் நிமிராமலே சொன்னேன். "அது படம் கீறினவ விட்ட பிழை அப்பா."

"ஒருக்கா எண்டால் பிழை. இது எல்லாத்திலையும் கிடக்கு." முந்திய புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இஞ்ச பார், இதிலை இவன் எல்லாரையும் போலத்தான் கட்டியிருக்கிறான். கடைசிக் கதையிலை மட்டும் மாத்தினவ. மற்ற ஒருத்தருக்கும் மாறேல்லை."

ஆண்கள் சட்டைக்கு எந்தப் பக்கம் மேலே வரும், பெண்கள் சட்டைக்கு எந்தப் பக்கம் மேலே வரும் என்று நாள் முழுக்கப் பார்க்கிற கண் அது. நான் புத்தகத்தை வாங்கினேன்.

கடைசிக் கதையில் சில்வண்டு வழக்கம்போல வருகிறது, தொட்டிக்குள் இறங்குகிறது, பக்கம் நிறையப் பாடுகிறது. ஒருவரும் காதைப் பொத்தவில்லை. ஒருவரும் வாளியால் எறியவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இனிமேல் இவனோடு மல்லுக்கட்ட ஏலாது என்று விட்டுவிட்டார்கள், அதுதான் பகிடி என்று நான் நினைத்திருந்தேன். மொழிபெயர்ப்பாளரும் அப்படித்தான் நினைத்திருப்பார். சாவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த மடிப்பு மட்டும்தான் இருந்தது.

அவர்களுக்கு அவன் பாடுவது கேட்கவில்லை. அவன் அங்கே இல்லை.

4. ஃபிலிமின் மறுபக்கம்

காலையில் நோர்பரி ஸ்டேஷன் போன் பூத்திலிருந்து மார்ட்டினை அழைத்து என் பிழையைச் சொன்னேன். வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியாது என்றேன். அப்படியே விடு என்றார். இதழ் ஒரு நாள் பிந்தினாலும் கடைகள் எடுக்காது. ஃபிலிமில் கை வைத்துப் பழுதாக்கினால் திங்கட்கிழமை நான் வரத் தேவையில்லை என்றார். ஓவியருக்குத் தெரியும் என்று சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

குரோய்டனுக்கு ரயில் ஏறினேன். அச்சகத்தில் ஃபிலிமை அச்சுப் பிளேட்டாக மாற்றுகிறவர் செல்வம் என்ற மலேசியத் தமிழர். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு பூச்சி சட்டைக்கா இவ்ளோ தூரம் வந்தே? பதினொரு மணிக்குப் பிளேட் போடுறேன் தங்கச்சி. அதுக்குள்ள முடிச்சா சரி. இல்லாட்டி எப்படி இருக்கோ அப்படியே போவும்."

ஒன்பதே கால். அடியில் விளக்கெரியும் லைட் டேபிளில் ஃபிலிமை விரித்தார். ஃபிலிமில் மை போன்ற கறுப்புப் படலம் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். சுரண்டுவதானால் அந்தப் பக்கத்தை மேலே வைக்க வேண்டும். அப்படி வைத்தால் படம் மறுபடியும் இடம் வலம் மாறித் தெரியும். மேசையில் எனக்கு முன்னால் கிடந்தது ஓவியர் வரைந்த அதே தோற்றம்: சில்வண்டு செத்தவனின் மடிப்போடு இருந்தான். நான் அதை உயிருள்ளவனின் மடிப்பாக மாற்ற வேண்டும். அப்போதுதான் ஃபிலிமைத் திருப்பும்போது, வாசகனின் கையில், அவன் செத்தவனாக இருப்பான்.

கை கேட்கவில்லை. சரியாக இருப்பதைக் கெடுக்கிறாயே என்று கண் சொன்னது. ஃபிலிமில் சுரண்டியதைத் திரும்ப ஒட்ட ஏலாது. ஒரு கட்டை விரலளவு கட்டத்தில் ஒரு நூலளவு கோடு. தாளில் ஒரு அங்கியை வரைந்து, அதை வெளிச்சத்தில் முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்து, நிச்சயப்படுத்திக்கொண்டு கத்தியை வைத்தேன்.

ஐந்தாவது கட்டத்தில் செல்வம் என் தோளுக்கு மேலால் பார்த்தார். "எல்லாம் தலைகீழா இருக்கே. தெரிஞ்சுதான் செய்யுறியா?"

"ஓம்," என்றேன். அடுத்த கட்டத்துக்குக் கத்தியை நகர்த்தினேன்.

பதினோராவது கட்டத்தில் சுரண்டி முடித்து, தூரிகையால் புதுக் கோட்டைப் போட்டபோது மணி பதினொன்றைத் தாண்டிப் பத்து நிமிடம். செல்வம் பிளேட் போடப் போகவில்லை. மை காயும்வரை ஃபிலிமைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். என் மேசையில் வேறொரு தொடரின் பக்கங்கள் வைக்கப்பட்டிருந்தன. வேலை போகவில்லை.

5. அச்சுப் பிரதி

இப்போது பக்கத்தைத் திருப்பக் கம்ப்யூட்டரில் ஒரு விசையைத் தட்டினால் போதும். என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். திருப்பிய பக்கத்தில் கோணலாகத் தெரிவதை எவரும் கண்டுபிடிப்பார்கள். தானாகவே நேராக வந்து நிற்பதைப் பாருங்கள். அது மூலத்தில் கோணலாக இருந்திருக்கிறது. அதை வரைந்தவருக்குக் கை தவறிவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், அவருக்கு உங்களைவிடத் தொழில் தெரியும் என்று ஒரு நிமிடம் நம்புங்கள். நான் நம்பவில்லை. படித்தவள் என்ற நினைப்பு எனக்கு.

அந்தக் கடைசி இதழ் அச்சாகி வந்த அன்று அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவின் கையில் கொடுத்தேன். முதல் பக்கத்தில் என் பெயர் இருந்தது; நானே எழுதிய எழுத்து. அவர் அதில் நிற்காமல் தாண்டிப் போனார். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு கடைசிக் கதைக்கு வந்தார். சில்வண்டின் மடிப்பில் விரலை நிறுத்தினார்.

"செத்த வீட்டிலைதான் எல்லாத்தையும் மாத்திச் செய்யிறது," என்றார். "இவன் போயிட்டான், என்ன? தனக்கே தெரியாமல் வந்து பாடுறான்."

"ஓம் அப்பா."

அவர் அந்தப் பக்கத்தைத் தடவி மூடினார். பிறகுதான் நான் முதல் பக்கத்தைத் திறந்து, என் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.