மலையடிவாரத்தில் ஒரு பாண்டி வண்டி

புதுச்சேரியில் எங்கள் பாகூர் பக்கம் மலை என்றால், டிப்பர் லாரியில் வந்து இறங்கும் ஜல்லிதான். அதனால் மலை ஏறுவதென்றால் எங்களுக்குக் கல்யாணத்துக்குக் கிளம்புகிற பரபரப்பு. போன ஞாயிறும் அப்படித்தான் கிளம்பினோம் – செஞ்சிக்கு அப்பால் ஒரு காட்டு மலைக்கு.

எல்லாம் அக்காவுக்காக. வில்லியனூரில் சோஷியல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். அந்த மலை உச்சியில் இருக்கும் பழைய கோட்டையைப் பற்றி வகுப்பு வகுப்பாகச் சொல்லியிருக்கிறாள்; ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முட்டி தேய்ந்துகொண்டே வருகிறது, இந்த வருஷம் விட்டால் இனி ஏறவே முடியாது என்றுவிட்டார் டாக்டர். அன்றோடு மழைக்காலத்துக்கு மலைப்பாதையையும் மூடுகிறார்கள்.

வேனில் அக்கா வாய் ஓயவில்லை. வெயிலே படாத காட்டுப் பாதை, உச்சியில் வற்றாத சுனை, இடிந்த நெற்களஞ்சியம்...

"எதிரிங்க மாசக்கணக்கா கீழயே கெடந்தாங்கடா. ஒருத்தனாலயும் ஏற முடியல. கடைசில உள்ள இருந்தவனே கதவத் தொறந்து வுட்டுட்டான்."

அடிவாரத்தில் வனத்துறை செக்போஸ்ட். முன்னால் போன தமிழ்நாட்டு வண்டிகளுக்கு ஒரு தலையசைப்பு. எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் கார்டு எழுந்து வந்தார்.

"பாண்டி வண்டியா? எல்லாரும் எறங்குங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாண்டி என்றாலே பாட்டில்தானா? நெல்லும் கரும்பும் போடுகிற ஜனம் உங்கள் கண்ணில் படாதா? ரிட்டயர்டு டீச்சர் வந்த வண்டியையா சோதிக்கிறீர்கள் என்று எகிறினேன். அவர் நேராகப் போய்ப் பின்சீட்டைத் தூக்கினார்.

டவலில் சுற்றிய பாட்டில். சீல் உடைக்காதது.

மாமா – அக்காவின் புருஷன் – தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலே குளிருமே என்று ஒன்றே ஒன்று வைத்தாராம். காட்டுக்குள் சரக்கு கொண்டுவந்தால் மொத்த வண்டிக்கும் அனுமதி கிடையாது என்றார் கார்டு. அக்காவை மட்டுமாவது விடுங்கள் என்று கெஞ்சினேன். சற்று முன் எகிறிய அதே வாயால்! அவர் மசியவில்லை. அவர் மேல் கோபப்படவும் எனக்கு யோக்யதை இல்லை. அதுதான் இன்னமும் கசக்கிறது.

அக்கா கெஞ்சவில்லை. மரங்களுக்கு மேலே துண்டாகத் தெரிந்த மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் வந்துகொள்ளலாம் என்றார் மாமா. அடுத்த வருஷமாம்! அதை அந்த முட்டியிடம் யார் சொல்வது?

திரும்பும்போது அக்கா மாமா பக்கத்தில் உட்காரவில்லை. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கோட்டைய எதிரி புடிக்கலன்னு சொன்னன் இல்லடா?"