கிள்ளானில் பிறந்த ஹவாய்க்காரர்

போன சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சங்கத்தின் ஆண்டு விழா. மேடையில் நின்று நிகழ்ச்சிகளை அறிவித்தவன், வாராவாரம் இந்தப் பத்தியை எழுதும் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை... கடைசிவரை படித்தால் உங்களுக்கே தெரியும்.

விழாவின் முக்கிய அம்சம் 'ஹவாய்த் தீவின் கிதார் மேதை'. சிங்கப்பூர் ஏஜெண்ட் மூலம் ஏற்பாடு. வாயில் நுழையாத அந்தப் பெயரை நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம். ஹால் நிரம்பி வழிந்தது.

மேதை வந்தார். பூப்போட்ட சட்டை, கழுத்தில் காகிதப்பூ மாலை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம்ம அருளப்பன். கிள்ளானில் ரயில்வே கிராணி, ஆபீஸில் கணக்கெழுதும் குமாஸ்தா.

போன வருஷம் அங்கே ஒரு கல்யாணத்தில் அவர் வாசித்ததைக் கேட்டிருக்கிறேன். கிதாரை மடியில் படுக்கவைத்து, தந்திமேல் ஓர் இரும்புத் துண்டை இழுப்பார். அது அழும், கெஞ்சும், திட்டும். காலையில் சர்ச்சில் கீதம், மாலையில் சீனர் வீட்டு விருந்து, மறுநாள் மலாய் நாடகக் கொட்டகை — எங்கே எது வேண்டுமோ அது வரும். ப்ளூஸ் என்று அமெரிக்கக் கறுப்பர்களின் துக்கப் பாட்டு ஒன்று உண்டே, அதையும் கிராமபோன் தட்டில் கேட்டுக் கேட்டே பிடித்துவிட்டவர்.

இதே விழாவில் வாசிக்க அரை மணி நேரம் கேட்டு, சில மாதங்களுக்கு முன் அவரே எங்கள் கமிட்டிக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

"கிள்ளான் கிராணி வாசிக்கிறத யாரு லா உக்காந்து கேப்பா?" என்றார் செயலாளர். எல்லாரும் சிரித்தோம். ஆமாம், நானும்தான்.

இடைவேளையில் திரைக்குப் பின்னால் அருளப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, என் சம்சாரம் வந்திருக்கு. கடைசி வரிசை. இந்த மாலையோட எத்தனையோ வெள்ளைக்காரன் கிளப்புல வாசிச்சிட்டேன், எங்கயும் என் பேரச் சொன்னதில்ல. தமிழ்ல வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஏஜெண்ட் கண்டிஷன். நம்ம ஆளுங்க நடுவுல, கடைசிப் பாட்டுக்கு மட்டும் என் பேரச் சொல்லுங்க. அது காதால கேக்கட்டும்."

"சொல்றேன்" என்றேன்.

எங்கள் பேச்சைக் கேட்டுவிட்ட செயலாளர் மேடைப் படியில் என்னை மடக்கினார். "ஹவாய்னு நோட்டீஸ் அடிச்சிட்டு, நம்ம கிராணின்னு சொன்னா மானம் போயிடும். முன்வரிசையில உங்க ஆபீஸ் ஹெட் கிராணி உக்காந்திருக்காரு. ஹவாய்க்காரரைக் கூப்பிடச் சொன்னதே அவருதான். பாத்துக்குங்க."

கடைசிப் பாட்டை அறிவிக்க மேடை ஏறினேன். கடைசி வரிசையில் ஒரு பெண் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். முதல் வரிசையில் ஹெட் கிராணி கால்மேல் கால் போட்டிருந்தார்.

"அடுத்து... நமது ஹவாய் மேதை" என்றேன்.

அருளப்பன் என் பக்கம் திரும்பவில்லை. ப்ளூஸ் வாசித்தார். அப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதே இல்லை. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

"நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் வருமா?" என்றார் பக்கத்தில் நின்றவர். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

நம்மவன் என்றால் நமக்கு ஏன் இத்தனை இளக்காரம்? கடல் தாண்டி வந்தது என்று சொன்னால்தான் காது திறக்கிறது. நாம் மட்டும் என்ன, நடந்தா வந்தோம்?

கிள்ளான் ரயிலுக்குப் புருஷனும் மனைவியும் ஸ்டேஷனில் நின்றிருந்தார்கள். மூச்சிரைக்க ஓடினேன். மேடையில் வராத தைரியம் பேனா பிடிப்பதாகச் சொல்லும்போது எங்கிருந்தோ வந்துவிட்டது.

"இந்த வாரம் பேப்பர்ல எழுதிடறேன். உங்க பேர், ஊர் எல்லாம்..."

அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம் அண்ணே" என்றார் அவர். "ஹால்ல சொல்லியிருந்தா நம்மளோட போயிருக்கும். பேப்பர்ல வந்தா கிளப்பு பட்லருங்க படிப்பாங்க, மறுநாளே துரை காதுக்குப் போயிடும். அப்புறம் யாரு கூப்பிடுவா?"

ஆகவே வாசகர்களே, சங்கத்தையும் ஊரையும் உத்தியோகத்தையும் தீவையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அருளப்பன் என்பதும் அவர் பெயர் அல்ல.