எட்டு மணி நேரம்

என் தம்பி பட்டாளத்திலிருந்து பென்சனோடு வந்து, தல்லாகுளத்தில் ஒரு பேங்கு வாசலில் துப்பாக்கி பிடித்து நின்றான். மாசம் பிறந்தால் சொந்தக்காரக் கூட்டம் வந்துவிடும். "மாப்ள, மிலிட்டரி கேண்டீன் பாட்டில் வந்துருச்சா?" அவன் கண் ஏன் இம்புட்டுச் சிவந்து கிடக்கிறது என்று ஒரு வாய் கேட்டதில்லை. குடித்திருப்பான் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். அவன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. குடித்ததெல்லாம் இந்தப் பிச்சைக்காரக் கூட்டந்தான்.

சண்டைக்குப் போய் வந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் பதறி எழுந்துவிடுவான். நான் மட்டும் என்ன கிழித்தேன்? அம்மன் குங்குமம் பூசி, கறுப்புக் கயிறு கட்டிவிட்டு, கடமை முடிந்ததென்று இருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் என் மகள் ஒருத்திதான். மனோதத்துவம் படித்தவள். பட்டாளத்துக்காரர்களின் மனசையும் தூக்கத்தையுமே டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டாள். அவளுடைய பேராசிரியர் சிரித்தாராம். "சிப்பாய் தூங்குறதுக்கு ஒரு ஆராய்ச்சியாம்மா? எழுதி வாங்கிட்டு வா, பாப்போம். ஒண்ணும் தேறலேன்னா வேற தலைப்பு."

தூக்கத்தைப் பற்றிய கேள்விகளைப் பாரமாக அச்சடித்து, சோழவந்தான் வரை பஸ்ஸில் அலைந்து பட்டாளத்துப் பென்சன்காரர்களிடம் கொடுத்தாள். திரும்பி வந்ததிலெல்லாம் ஒரே பதில்: எட்டு மணி நேரம் தூக்கம், குறையொன்றுமில்லை. அச்சடித்த காகிதமென்றால் சர்க்கார் காகிதம், உண்மையை எழுதினால் பென்சனில் கை வைப்பான் என்று அவர்களுக்குப் பயம்.

"என்னைவிட நல்லாத் தூங்குறாங்களே!" என்று சொல்லி ஒரு வாரம் கெடு கொடுத்தார் பேராசிரியரான அந்தப் பெரிய மனிதர்.

வீட்டில் பாரங்களைப் பரப்பி வைத்தாள். தம்பியின் பாரத்திலும் எட்டு.

"சித்தப்பா, நீங்களுமா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சாமி படத்தைப் பார்த்தேன். எழுதச் சொன்னவன் நான். அவளுக்கு அவனியாபுரத்தில் வரன் பேசிக்கொண்டிருந்தோம். பைத்தியம் உள்ள வீடு என்று பேர் வந்துவிடக் கூடாதே! நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு சொல்லிக்கொடுத்த பொய்.

தம்பி பேனாவை வாங்கி, எட்டை அடித்து இரண்டு என்று எழுதினான். "கெளம்பு ஆத்தா. பாரத்துக்குத்தான் பயப்படுவாய்ங்க, எனக்குப் பயப்பட மாட்டாய்ங்க."

லீவு போட்டுவிட்டு அவளோடு வீடு வீடாகப் போனான். முதலில் தன் கதையைச் சொல்வானாம். எதிரில் இருப்பவர் முழித்தால், "எட்டு மணி நேரமா தூங்குறீரு? கூப்பிடும்யா உம்ம வீட்டுக்காரிய, கேப்போம்!" என்பானாம். அவர் சிரிப்பார், சிரித்து முடித்ததும் உண்மை வரும். அவள் எழுதிக்கொள்வாள்.

பேராசிரியர் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். வரன்காரர்கள் நழுவிக்கொண்டார்கள், தொலையட்டும். பட்டம் வாங்கிய அன்று அதே பேராசிரியர் மாலையோடு வந்து, "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். வெட்கங்கெட்ட மனிதர். பாட்டில் கூட்டமும் வந்து சாப்பிட்டுப் போனது.

அவள் ஆராய்ச்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சித்தப்பாவுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள். அடுத்த வரியில், எட்டு என்று எழுதச் சொன்ன எனக்கும். வீட்டுக்கு நல்ல காகிதம் எது வந்தாலும் சாமி படத்தடியில் வைத்துக் கும்பிடுகிறவன் நான். அந்தப் புத்தகத்தை மட்டும் இன்னும் வைக்கவில்லை.