குழியில எறக்கின கோயில் மெழுகுவத்தி

ஊரிகம் தங்கச் சுரங்கத்துல எங்க நைனா உசுரக் காப்பாத்தினதே நான்தான். ஏழு வயசுல. பொய்யி. அவரச் சாவுக்குழியில எறக்கப் பாத்தவனே நான்தான். பள்ளிக்கூடத்து நெழல்ல கூட ஒதுங்காத கைநாட்டு நான், என் மூள அப்பிடித்தான் வேல செய்யும்.

அப்ப சுரங்கத்துல கரண்டு கெடையாது. ஆளுக்கு ரெண்டு மெழுகுவத்தி குடுப்பாங்க. களிமண்ணு உருண்டையில சொருகி, அந்த வெளிச்சத்துலதான் பாறை ஒடைக்கணும். பழைய குழியில எறங்கறதுக்கு முன்னால ஒரு வத்தியக் கொளுத்தி, கயித்துல கட்டி உள்ள உடுவாங்க. அது அணைஞ்சிட்டா உள்ள கெட்ட காத்துன்னு அர்த்தம், ஒருத்தனும் எறங்கக் கூடாது.

அன்னிக்கு வானம் கறுத்து, எல ஆடாம, ஒரே புழுக்கம். நைனாவுக்குக் கூழு எடுத்துக்கினு போயிருந்தேன். மூணு வாட்டி வத்திய உட்டாங்க, மூணு வாட்டியும் அணைஞ்சிப் போச்சி. நைனா கயித்தச் சுருட்டி வெச்சிட்டு சப்பணம் போட்டு உக்காந்துக்கினாரு.

"மேகம் மூடினா கெட்ட காத்து பாறையிலேர்ந்து கெளம்பி வந்து அடியில தங்கிடும் மேஸ்திரி. நான் எறங்க மாட்டேன்."

"காத்தாவது கத்திரிக்காயாவது. திரி நமுத்துப் போயிருக்குது. பயந்தாங்கொள்ளி, எறங்கலன்னா பொழுது சாயறதுக்குள்ள கம்பெனி குடுத்த லைன் வூட்டக் காலி பண்ணு."

"பண்றேன். பொணத்துக்கு வூடு எதுக்கு?"

அத்தினி ஆளும் பாத்துக்கினு இருக்காங்க. பயந்தாங்கொள்ளி மவன்னு சொல்லி லைன் பசங்க என்னயச் சும்மா உடுவானுங்களா? எடுத்தேன் ஓட்டம், நேரா கோயிலுக்கு. மாதா முன்னால என் கைத்தண்டிக்கு ஒரு மெழுகுவத்தி நின்னுக்கினு இருந்தது. மாதாவ ஒரு பார்வ பாத்தேன், அவங்க ஒண்ணும் சொல்லல. தூக்கிக்கினு வந்துட்டேன். கம்பெனி வத்தி நமுக்கும், மந்திரிச்ச வத்தி நமுக்குமா? இது எரியும், நைனா எறங்குவாரு, மேஸ்திரி வாய மூடுவாரு. எப்பிடி என் கணக்கு?

மேஸ்திரியே அதப் பத்த வெச்சாரு. "பாருங்கடா, புள்ளைக்கி இருக்கற தைரியம் அப்பனுக்கு இல்ல"ன்னு சிரிச்சிக்கினே கயித்த உட்டாரு. ஒரு ஏணி ஆழம் ஜோரா எரிஞ்சது. ரெண்டாவது ஏணிகிட்ட சுடரு சுருங்கிச்சி, தலயத் தொங்கப் போட்டுது, அணைஞ்சிது. ஊதி அணைக்க அங்க எவனும் இல்ல.

திரி நமுத்துப் போச்சின்னு மேஸ்திரியால இப்ப சொல்ல முடியுமா? மாதாவயே கொற சொன்ன மாதிரி ஆயிடும். ஒருத்தன் சுத்தியலக் கீழ போட்டுட்டு நைனா பக்கத்துல வந்து உக்காந்தான். அப்பால இன்னொருத்தன். கடைசில மேஸ்திரி மட்டும் கயித்தப் புடிச்சிக்கினு நின்னாரு. அப்பறம் அவரே வேப்பங்கொம்பு வெட்டிக்கினு வரச் சொன்னாரு. அதக் கயித்துல கட்டி மேலயும் கீழயும் இழுத்து, கெட்ட காத்து வெளிய வரட்டும்னு குழிக்காத்தக் கலக்க ஆரம்பிச்சாங்க.

நைனா என்னயத் தோள்மேல தூக்கி வெச்சிக்கினு சிரிச்சாரு. நான் அவரு முடியப் புடிச்சி இழுத்து ஓன்னு அழுதேன். தோத்துட்டோம், இந்தாளு எதுக்குச் சிரிக்கிறாரு?

வத்தியத் திருடினதுக்குக் கோயில் சாமியாரு பெரம்பால வெளுத்தாரு. மன்னிப்பு கேளுடான்னாரு, கேக்கல. அந்த அடிக்கும் அழல. நைனாகிட்டதான் மூணு நாளு பேசல. எதுத்தாப்பல உக்காந்து உசுரோட களி துன்னுக்கினு இருக்கறாரு மனுசன், நான் மூஞ்சத் திருப்பிக்கினு இருக்கறேன். நாலாம் நாளு அவரா எங்கிட்ட வந்து உக்காந்து, "டேய், அந்த வத்தி மட்டும் எரிஞ்சிருந்தா நான் எறங்கியிருப்பேன், எறங்கியிருந்தா"ன்னு…

இரு, வூட்ல கூப்புடறா. வரேன்டி, வரேன்.